எய்ல்மர்: மூக்குநுனி வெப்பத்தைக் கணக்கிடும் மென்பொருள் பற்றி ஒரு வெப்பக் காப்புப் பொறியாளரின் மதிப்புரை

ஒலியைவிட ஐந்து மடங்குக்கும் மேலான வேகத்தில் பறக்கும் ஹைப்பர்சானிக் ஊர்திக்கு வெப்பக் காப்பு எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. அந்தப் பதில் ஓர் எண்ணை நம்பி நிற்கிறது. ஊர்தியின் மூக்கில் காற்று வந்து முட்டி நின்றுபோகும் புள்ளியில், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை வாட் வெப்பம் இறங்குகிறது என்பதே அந்த எண். அது குறைவாக வந்தால் ஊர்தி எரியும். கூடுதலாக வந்தால் சுமக்கத் தேவையில்லாத எடையைச் சுமந்துகொண்டு பறக்கும். ஆகவே ஒரு மென்பொருள் எத்தனை அழகான படம் வரைகிறது என்பதை நான் பார்ப்பதில்லை. சுவரோரத்தில் அது தரும் வெப்ப எண்ணைத்தான் பார்க்கிறேன். அந்தக் கண்ணோடுதான் எய்ல்மர் என்ற வாயு ஓட்டக் கணக்கீட்டு மென்பொருளை மதிப்பிடுகிறேன்.

எய்ல்மர் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. பீட்டர் ஜேக்கப்ஸ் 1990களின் தொடக்கத்தில் எழுதிய ஓட்டக் கணக்கீட்டு நிரல்களிலிருந்து கிளைத்து, ரோவன் கோலன், கைல் டாம், நிக்கலஸ் கிப்பன்ஸ் முதலியோரின் உழைப்பால் இன்றைய வடிவத்துக்கு வந்திருக்கிறது. மூலநிரல் டி (D) என்ற நிரல்மொழியில் இருக்கிறது; பயனர் எழுதுவது லுவா மொழியில். ஜி.பி.எல். என்ற திறந்த மூல உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மாம்ஸ்பரி மடத்திலிருந்து இறக்கை கட்டிக்கொண்டு பாய்ந்து, இரு கால்களையும் முறித்துக்கொண்ட துறவியின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு செய்தி. அதிவேகக் காற்றோட்டத்தை உண்டாக்கி அளக்க உதவும், 1987 முதல் இயங்கிவரும் டி4 (T4) என்ற அதிர்வலைச் சுரங்கம் அதே பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. நிரல் எழுதுகிறவர்களும் அளந்து பார்க்கிறவர்களும் ஒரே இடத்தில் இருப்பதன் பலன் இந்த மென்பொருளின் ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது.

எந்தக் கணக்கீட்டு மென்பொருளையும் நான் முதலில் கைக்கணக்கோடு மோதவிடுவேன். அரை மீட்டர் ஆரமுள்ள அரைக்கோள மூக்கு, 50 கிலோமீட்டர் உயரம், நொடிக்கு 5 கிலோமீட்டர் வேகம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம். மாக் எண் 15, அதாவது ஒலியின் வேகத்தைப்போல் 15 மடங்கு. சட்டனும் கிரேவ்ஸும் 1971இல் தந்த சூத்திரத்தில் இவற்றைப் போட்டால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 10 லட்சம் வாட் வருகிறது. அந்த வெப்பம் முழுவதையும் கதிர்வீச்சாகவே வெளியேற்ற வேண்டுமென்றால் சுவர் 2,100 கெல்வின் அளவுக்குச் சூடாக வேண்டும். இரும்பு 1,811 கெல்வினிலேயே உருகிவிடும். வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப வெப்பம் ஏறுகிறது. மூக்கின் ஆரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப இறங்குகிறது. ஆரத்தை நான்கில் ஒன்றாக்கினால் வெப்பம் இரட்டிக்கும். கூர்மையான மூக்கு எரியும், மழுங்கிய மூக்கு பிழைக்கும் என்பதை ஹாரி ஜூலியன் ஆலன் 1950களின் தொடக்கத்திலேயே கண்டு சொன்னார். விண்வெளியிலிருந்து திரும்பும் கலங்களுக்கு அகன்ற அடிப்பகுதி வந்தது அதனால்தான்.

கையால் இவ்வளவு கிடைக்கும்போது மென்பொருள் எதற்கு? கைக்கணக்கு ஒரு புள்ளிக்குத்தான் பொருந்தும். மூக்கைச் சுற்றி வெப்பம் எப்படிப் பரவுகிறது, இறக்கையின் முன்விளிம்பில் என்ன நடக்கிறது, ஒலியை மிஞ்சும் வேகத்தில் காற்று திடீரென நெருக்கப்பட்டு உண்டாகும் அதிர்வலை ஒன்று இன்னோர் அதிர்வலையின்மேல் விழும் இடத்தில் என்ன ஆகிறது என்பதெல்லாம் அதில் வராது. அப்படி இரண்டு அலைகள் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு எக்ஸ்-15 என்ற அமெரிக்க ராக்கெட் விமானமே சாட்சி. 1967 அக்டோபர் 3ஆம் தேதி அது மாக் 6.7ஐத் தொட்டது. அதன் அடிச்செட்டையில் ராம்ஜெட் என்ஜினின் மாதிரி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அதிர்வலைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, அதைத் தாங்கிய தூணில் ஓட்டைகள் எரிந்தன. மறு ஆண்டு எட்னி என்ற ஆய்வாளர் இந்த மோதல்களை ஆறு வகையாகப் பிரித்துக் காட்டினார். இவற்றில் மிகக் கொடிய வகையில், ஒரு மெல்லிய தாரை சுவரின்மேல் நேராகப் பாய்ந்து, அந்த ஓரிடத்தில் மட்டும் வெப்பத்தைப் பல மடங்காக்குகிறது. இத்தகைய இடங்களைக் காணத்தான் கணினி வேண்டும்.

எய்ல்மரில் என்னை முதலில் கவர்ந்தது அதன் தொடக்கமே. பட்டன்கள் நிறைந்த திரை எதுவும் வராது. ஓர் உரைக்கோப்பில் வாயு என்ன, வடிவம் என்ன, எல்லைகளில் என்ன நிபந்தனை என்று வரிவரியாக எழுத வேண்டும். வாயு மாதிரியைத் தயாரிக்கத் தனியாக ஒரு கட்டளை, வேதிவினைகளுக்குத் தனியாக இன்னொன்று. பலருக்கு இது எரிச்சலாக இருக்கலாம். எனக்கு இதுதான் இதன் தலையாய நன்மை. பட்டியலில் முதலில் இருப்பதைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும் மென்பொருள்களில், எந்தக் காற்றைக் கொண்டு கணக்கிட்டோம் என்று பயனருக்கே தெரியாமல் போய்விடும். இங்கே வாயுவை எழுதாமல் கணக்கு ஓடாது.

வாயுவைத் தேர்வதில்தான் ஹைப்பர்சானிக் கணக்கின் உயிரே இருக்கிறது. மேலே சொன்ன அரைக்கோளத்தையே எடுத்துக்கொள்வோம். காற்றை 1.4 என்ற மாறாத வெப்ப விகிதம் கொண்ட எளிய வாயுவாகக் கொண்டால், முட்டி நிற்கும் புள்ளியில் வெப்பநிலை 12,700 கெல்வின் என்று வரும். உண்மையில் அதில் பாதிகூட வராது. ஏனென்றால் காற்று அந்த ஆற்றலை விழுங்கிக்கொள்கிறது. 800 கெல்வினைத் தாண்டினால் மூலக்கூறுகள் அதிரத் தொடங்குகின்றன. சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் 2,500 கெல்வின் அளவில் ஆக்சிஜன் மூலக்கூறு உடையத் தொடங்கி, 4,000இல் ஏறக்குறைய முழுவதும் உடைந்துவிடுகிறது. அதன்பின் நைட்ரஜன் உடைகிறது. 9,000க்கு மேல் அணுக்கள் மின்னூட்டம் பெறுகின்றன. நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ கலத்துக்கு எளிய வாயுக் கணக்கு 58,000 கெல்வின் என்று சொல்லும்; வேதிவினைகளைச் சேர்த்தால் அது 11,600 அளவுக்கு இறங்கிவிடும்.

வெப்பநிலை மட்டும் மாறினால் பரவாயில்லை, அதிர்வலையே இடம் மாறிவிடுகிறது. எளிய வாயுவில் மாக் 15க்கு அலையின் பின்னே அடர்த்தி ஆறு மடங்கைத் தாண்டாது. பில்லிக் தந்த சூத்திரப்படி அலை நம் மூக்கிலிருந்து ஏழு சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். மூலக்கூறுகள் உடையும்போது வாயு குளிர்ந்து சுருங்குகிறது, அடர்த்தி இன்னும் ஏறுகிறது, அலை சுவரை நோக்கி நெருங்கி ஏறக்குறைய பாதித் தொலைவுக்கு வந்துவிடுகிறது. எய்ல்மரில் வாயுக் கோப்பை மட்டும் மாற்றி, மற்றதைத் தொடாமல் மறுபடி ஓட்டினால் இந்த நகர்வு கண்முன் தெரியும். புதிதாகச் சேரும் பொறியாளர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சி இதுதான். எத்தனை பக்கம் படித்தாலும் பதியாத விஷயம் அந்த இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்தால் பதிந்துவிடுகிறது.

இந்த வித்தியாசம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் 1981இல் கொலம்பியா விண்ணோடம் முதன்முதலாகத் திரும்பியதை நினைத்துப் பார்க்க வேண்டும். உயர்வேகத்தில் ஓடத்தின் மூக்கு எதிர்பார்த்ததைவிட மேல்நோக்கித் திரும்ப முயன்றது. அதைச் சமன்செய்யப் பின்புற மடல் கணித்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமாக, ஏறக்குறைய 16 பாகை இறங்க வேண்டியிருந்தது. குளிர்ந்த காற்றுச் சுரங்கங்களில் எடுத்த அளவுகளில் உண்மைக் காற்றின் நடத்தை இல்லை. பின்னாளில் வேதிவினைகளோடு செய்த கணக்குகள் அந்த வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்கின. மடலுக்கு இன்னும் இடம் மிச்சம் இருந்ததால் ஓடம் தப்பித்தது.

எய்ல்மர் தரும் வாயுக்களின் வரிசை நிறைவானது. எளிய வாயு, வெப்பநிலையோடு வெப்பக் கொள்ளளவு மாறும் வாயு, வேதிச் சமநிலைக் காற்று, வினைகள் நேரம் எடுத்து நடக்கும் ஐந்து கூறுகள் (மூலக்கூறு, அணு வகைகள்) கொண்ட காற்று, அதற்கும் மேலாக இரு வெப்பநிலை மாதிரி. கடைசியாகச் சொன்னது சுல் பார்க்கின் பெயரோடு சேர்ந்தது. அதிர்வலையைக் கடந்த கணத்தில் மூலக்கூறுகளின் ஓட்டமும் சுழற்சியும் உடனே சூடாகிவிடுகின்றன. உள்ளதிர்வு மட்டும் பின்தங்கி மெல்லச் சூடேறுகிறது. அதனால் ஒரே வாயுவுக்கு இரண்டு வெப்பநிலைகள். உடைதலின் வேகத்தை இரண்டின் பெருக்குச் சராசரி தீர்மானிக்கிறது என்பது பார்க்கின் ஏற்பாடு. இது கோட்பாட்டிலிருந்து முழுமையாக வருவிக்கப்பட்டதல்ல, அளவுகளோடு ஒத்துப்போகும்படி அமைத்த மாதிரி. இருந்தும் இத்துறை இன்றுவரை இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எய்ல்மரில் வினைவேகங்களின் எண்கள் எல்லாம் திறந்த உரைக்கோப்பில் கிடக்கின்றன. பிடிக்காவிட்டால் மாற்றலாம், மாற்றினால் வெப்ப எண் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்கலாம். வெப்பக் காப்புக்குப் பாதுகாப்பு விளிம்பு வைக்கிறவர்களுக்கு அந்த ஆட்டத்தின் அளவுதான் வேண்டியது.

அடுத்தது சுவர். உடைந்த அணுக்கள் சுவரை அடைந்து மறுபடி மூலக்கூறாகச் சேர்ந்தால், உடையும்போது விழுங்கிய ஆற்றலை அங்கே கக்கிவிடும். சுவர்ப்பரப்பு அந்தச் சேர்க்கையைத் தூண்டுமா தூண்டாதா என்பதைப் பொறுத்து வெப்பம் கணிசமாக மாறும். நம் உதாரணத்தில் முழு ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு உடைந்த அணுக்களில் ஒளிந்திருக்கிறது. எய்ல்மரில் சுவரைத் தூண்டாததாகவும் வைக்கலாம், சமநிலைக்குக் கொண்டுவருவதாகவும் வைக்கலாம். இரண்டையும் ஓட்டி மேலெல்லை, கீழெல்லை என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். கைக்கணக்கின் 10 லட்சம் வாட் மேலெல்லைக்கு அருகில் வர வேண்டும். வராவிட்டால், ஓட்டம் நடக்கும் வெளியைச் சின்னச் செல்களாகப் பிரிக்கும் கட்டவலையைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

கட்டவலை பற்றி நிறையச் சொல்ல வேண்டும். அழுத்தத்தைச் சரியாகப் பெறுவது எளிது, வெப்பத்தைப் பெறுவது கடினம். சுவரையொட்டிய முதல் செல் சில மைக்ரோமீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். அந்தச் செல்லின் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் உந்தத்துக்கும் பாகுத்தன்மைக்கும் உள்ள விகிதம்) ஒன்றை ஒட்டி இருக்க வேண்டும் என்பது இத்துறையின் நடைமுறை விதி. அதிர்வலை ஓடும் திசையும் செல்களின் விளிம்பும் ஒத்துப்போகாவிட்டால், அங்கே பிறக்கும் சின்னப் பிழை ஓட்டத்தோடு இறங்கி வந்து சுவரில் பொய்யான சூட்டுப் புள்ளியாக நிற்கும். நான்முகச் செல்களைத் தானாகத் தூவி நிரப்பும் பொதுப்பயன் மென்பொருள்களில் மூக்கின் இடப்பக்கமும் வலப்பக்கமும் வெவ்வேறு வெப்பம் காட்டுவது இதனால்தான். எய்ல்மர் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. உள்வரும் எல்லையையே அதிர்வலையாக்கி, கணக்கு ஓட ஓடக் கட்டவலை நகர்ந்து அலைமேல் படிந்துகொள்ளும்படி செய்யலாம். மழுங்கிய மூக்குக்கு இதைவிடத் தூய்மையான முறையை நான் கண்டதில்லை. வெப்பக்கோடு கத்தியால் வெட்டினாற்போல் வழுவழுப்பாக வருகிறது.

அலையைப் பொருத்தாமல் செல்களுக்குள்ளேயே பிடிக்கிறவர்களுக்கு இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. 1988இல் பியரியும் இம்லேயும் கவனித்துச் சொன்னது: செல்லிலிருந்து செல்லுக்கு எவ்வளவு பாய்கிறது என்பதை மிகத் துல்லியமாகக் கணிக்கும் முறைகளில், மூக்கின் முன்னே சீராக வளைந்து நிற்க வேண்டிய அதிர்வலையில் இல்லாத புடைப்பு ஒன்று முளைத்துவிடும். அதன் பின்னே வரும் வெப்ப எண் குப்பை. துல்லியம் குறைந்த முறைகளில் இது வராது; ஆனால் அவை சுவரையொட்டி வேகம் குறைந்து ஓடும் மெல்லிய காற்றடுக்கான எல்லைப்படலத்தைக் கலைத்துவிடும். எய்ல்மர் இரண்டையும் கலந்து தருகிறது. அலை இருக்கும் செல்களை அடையாளம் கண்டு அங்கே மட்டும் முரட்டு முறை, மற்ற இடங்களில் நுண்ணிய முறை. மாற்றத்தின் எல்லை எங்கே விழுகிறது என்பதைப் பயனர் வரைந்து பார்க்க வேண்டும். எல்லைப்படலத்துக்குள் முரட்டு முறை எட்டிப் பார்த்தால் வெப்ப எண்ணை நம்பக்கூடாது.

நேரம் பற்றிச் சுருக்கமாக. சுவர்ச் செல் ஒரு மைக்ரோமீட்டர் என்றால், கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேரத்தின் அளவு (ஒரு படி) நானோநொடிக்கு இறங்கிவிடும். நம் அரைக்கோளத்தைக் காற்று ஒருமுறை கடக்க 100 மைக்ரோநொடி ஆகும் என்பதால் அதற்கே லட்சம் படிகள். வழக்கமான முன்னேறு முறையில் இது நெடுநேரம் இழுக்கும். நிலைத்த ஓட்டத்துக்கு நியூட்டன்–கிரைலோவ் என்ற வேறு தீர்வுமுறை உள்ளே இருக்கிறது. அது பெரிய படிகளில் தாவிச் செல்கிறது. நல்ல தொடக்க மதிப்புகளைக் கொடுத்தால் பொன்னான வேகம். வேதிவினைகள் சேர்ந்தால் தாவலைக் கொஞ்சம் அடக்கி வைக்க வேண்டும். ஒரே கணினியின் பல மையங்களிலும், பல கணினிகளைக் கோத்தும் ஓட்டலாம்.

இந்த மென்பொருளிடம் கேட்கக்கூடாதவையும் உண்டு. எல்லைப்படலம் எங்கே சீரோட்டத்திலிருந்து கொந்தளிப்புக்கு மாறும் என்பதை அது தானாகச் சொல்லாது. அந்த மாற்றத்தால் வெப்பம் பல மடங்கு ஏறும். ஹைப்பர்சானிக் வேகத்தில் அதைத் தூண்டுவது பெரும்பாலும் லெஸ்லி மாக் கண்ட இரண்டாம் வகை அலை, எல்லைப்படலத்துக்குள் சிக்கிக்கொண்டு எதிரொலிக்கும் ஒலி போன்றது. அதைக் கணிக்கத் தனிக் கருவிகள் தேவை. எய்ல்மரில் கொந்தளிப்பு தொடங்கும் பகுதியை நாமே வரைந்து கொடுக்க வேண்டும். அங்கே கே-ஒமேகா அல்லது ஸ்பாலார்ட்–ஆல்மராஸ் என்ற கொந்தளிப்பு மாதிரி வேலை செய்யும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இந்தக் கேள்விக்கு ஒரு பட்டனில் விடை தருவதாகச் சொல்லும் எந்த மென்பொருளையும் ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும்.

அதேபோல் மிக உயரத்தில், காற்று மூலக்கூறுகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடைவெளி ஊர்தியின் அளவோடு ஒப்பிடத்தக்கதாக ஆகும்போது, தொடர்ச்சியான பாய்மம் என்ற அடிப்படையே தளர்ந்துவிடுகிறது. அங்கே கிரேம் பேர்டு வகுத்த மூலக்கூறு வழி நேரடிக் கணிப்புதான் பொருந்தும், எய்ல்மர் அல்ல. முழு விமானத்தின் வடிவத்தை வடிவமைப்புக் கோப்பிலிருந்து இழுத்துப்போட்டு மாலைக்குள் விடை வேண்டும் என்பவர்களுக்கும் இது ஏற்றதல்ல. வெளியே செய்த ஒழுங்கற்ற கட்டவலையை ஏற்றுக்கொள்கிறது என்றாலும், இதன் பலம் கவனமாக அடுக்கிய கட்டங்களில்தான் இருக்கிறது.

நிறுவுவதற்கு லினக்ஸும் டி மொழிக்கான தொகுப்பானும் வேண்டும். லினக்ஸ் பழகியவர்களுக்குத் தொல்லையில்லை, பழகாதவர்களுக்குக் கூடவே ஆள் தேவைப்படும். முடிவுகள் பாராவியூ என்ற படம் வரையும் மென்பொருளில் திறக்கும் வடிவில் வெளிவருகின்றன. கையேடுகள் பொறுமையாக எழுதப்பட்டவை. எந்தச் சமன்பாடு, எந்த அனுமானம் என்று மறைக்காமல் சொல்கின்றன. அவற்றைவிட மதிப்புமிக்கது மென்பொருளோடு வரும் உதாரணங்களின் தொகுப்பு. மாக் 1.5இல் 20 பாகைக் கூம்பிலிருந்து தொடங்கி, உடையும் நைட்ரஜனில் உருளை, பறக்கும் கோளத்தின் முன் அதிர்வலை என்று, உண்மையில் யாரோ அளந்து பார்த்த சோதனைகளாகவே பெரும்பாலும் அமைந்திருக்கின்றன. விடை தெரிந்த கணக்கில் கைபழகிவிட்டு, பிறகு விடை தெரியாததற்குப் போக இதைவிட நல்ல படிக்கட்டு கிடையாது.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? ஹைப்பர்சானிக் ஓட்டத்தை ஆய்வாக எடுத்திருக்கும் மாணவர்களுக்கு, தயங்காமல். வெப்பக் காப்பு, என்ஜின் உள்வாய், சோதனைச் சுரங்கத்தின் குழல் ஆகியவற்றில் வேலை செய்யும் பொறியாளர்களுக்கும் அப்படியே. வேகம் மாக் 5க்குக் கீழே, வடிவம் சிக்கலாக, வெப்பம் முக்கியமில்லை என்றால் வேறு பொதுப்பயன் மென்பொருளே போதும். தொடங்குகிறவர்கள் கூம்பு உதாரணத்தை ஓட்டியபின் நேராகக் கோளத்துக்குப் போங்கள். முதலில் எளிய வாயு, பிறகு ஐந்து கூறுகள் கொண்ட காற்று, அதன்பின் இரு வெப்பநிலை. ஒவ்வொன்றிலும் அலை நிற்கும் தொலைவையும் முட்டும் புள்ளியின் வெப்பத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சுவர்ச் செல்லைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். வெப்ப எண் அசையாமல் நின்ற பிறகு அதைத் தடிமன் கணக்குக்கு எடுத்துச் செல்லலாம்.